குதிரைப் பதிவேட்டில் கருத்தக்கண்ணன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் படிவங்கள் மேல் விரோதம் எதுவும் கிடையாது. முப்பத்தொரு வருஷம் அவற்றை நிரப்பித்தான் சோறு தின்றேன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். ஆனால் படிவம் பதினான்கு-ஆ என்று ஒன்று இருந்தது. அதை வரைந்த மகானுபாவன் இன்னும் எங்கேயாவது உயிரோடு இருந்தால், தயவுசெய்து மதுரைப் பக்கம் வந்துவிட வேண்டாம்.

பணியில் இருக்கும்போது காயம் பட்டவர்கள் இழப்பீடு கேட்பதற்கான படிவம் அது. நடுவில் ஒரு மனிதனின் படம் இருக்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. காயம் பட்ட இடத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட வேண்டும். கீழே வரிசையாகக் கேள்விகள். காயத்தின் நீளம், அகலம், ஆழம். காயம் உண்டாக்கிய கருவி. கருவி கைப்பற்றப்பட்டு நிலையக் கிடங்கில் ஒப்படைக்கப்பட்டதா? காயம் படும்போது நேரில் கண்ட சாட்சிகள் இருவர்.

எங்களுடையது தீயணைப்பு அலுவலகம். கீழே நிலையம்: ஒரு வண்டி, ஒரு மணி, பதினேழு ஆட்கள். மேலே கோட்ட அலுவலகம்: ஆறு மின்விசிறி, ஒன்பது அலமாரி, நாங்கள் ஆறு பேர். கீழே இருப்பவர்கள் உயிரைக் காப்பாற்றுவார்கள். மேலே இருக்கும் நாங்கள் காப்பாற்றியதற்கு ஆதாரம் கேட்போம். மதுரையில் எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குப் பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

தீயணைப்பு வீரன் என்றால் தீயோடு மல்லுக்கட்டுகிறவன் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இந்தச் சமவெளியில் வருஷத்துக்கு நாலு வைக்கோல் படப்பு எரியும், ஒரு பஞ்சுக் கிட்டங்கி எரியும். மிச்சமெல்லாம் கிணறு. ஆடு விழும், மாடு விழும், குடித்துவிட்டு நடந்தவன் விழுவான். வாழ்க்கை வெறுத்தவர்கள் குதிப்பார்கள். யாராவது ஒருத்தன் கயிறு கட்டி இறங்கித் தூக்கி வர வேண்டும். எங்கள் நிலையத்தில் அந்த யாராவது, கருத்தக்கண்ணன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன் மாடிப்படியேறி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். வயது நாற்பது. பதினாறு வருஷத்தில் இருநூறு கிணறு இறங்கியவன். நான்கு மாதத்துக்கு முன்னால், திருவாதவூர் சாலையில் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் எடுத்துவந்தான். அன்றிலிருந்து நிலையத்தில் மணி அடித்தால் அவனுக்குக் கால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறான். வண்டி போய்விடுகிறது. வீட்டுக் கிணற்றின் மேல் பலகை போட்டுக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டான். அவன் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள்.

மணி அடித்தும் வண்டியேறாதவனுக்கு எங்கள் துறையில் பெயர் உண்டு: கடமை தவறியவன். அவனுக்குத் தருவது பதினேழு-பி என்கிற குற்றக் குறிப்பாணை. விசாரணை நடக்கும், வேலை போகும். ஆனால் இது பணியில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் ஆறு மாதம் ஓய்வு, அப்புறம் டெலிபோன் அறையில் லேசான வேலை. வேலை போகக் கூடாது, கிணற்றிலும் இறங்கக் கூடாது. கருத்தக்கண்ணனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் படிவத்தை எடுத்து வைத்துச் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன்.

"எங்கண்ணே போட?"

"எங்க வலிக்குது?"

யோசித்தான். "வலிக்கலண்ணே."

"வலிக்காம என்னப்பா காயம்?"

"மணியடிச்சா கால் நகர மாட்டேங்குது."

"அப்பக் காலுல போடு."

"கால் நல்லாத்தான்ணே இருக்கு. இப்பக்கூட மாடியேறித்தானே வாரேன். பொய் சொல்லி மாட்டிக்கிறக் கூடாதுல்ல?"

பாவி மனுஷன், அந்தப் படத்தைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தான். தலையில் பேனாவை வைத்தான், எடுத்தான். நெஞ்சில் வைத்தான், எடுத்தான். கடைசியில் படத்துக்கு வெளியே, ஓரத்து வெற்றிடத்தில் ஒரு குறி போட்டான்.

"இங்கனதாண்ணே இருக்கு. எம்பக்கத்துல. எங்க போனாலும் கூடவே வருது."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் திட்டிக்கொள்வேன், அலுவலகத்தில் ஒருத்தருக்கும் புரியாது, உடம்புக்கும் நல்லது. திட்டிக்கொண்டே நானே நிரப்பினேன். அகலம்: பதினெட்டு அடி. ஆழம்: அறுபத்திரண்டு அடி. கருவி: கிணறு. சாட்சிகள்: மூவர், மூவரும் காலமாகிவிட்டனர்.

கண்காணிப்பாளர் ஹாலாஸ்யம் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அவர் விதிகளைப் படித்தே தலை நரைத்த மனிதர். விதியில்லாத சங்கடம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது அவருடைய நம்பிக்கை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று ஆட்சேபணை எழுதினார். ஒன்று: காயம் விண்ணப்பதாரருக்கு வெளியே இருக்கிறது, வெளியே உள்ள காயத்துக்கு அரசு பொறுப்பல்ல. இரண்டு: காலமான சாட்சிகள் கையெழுத்திடவில்லை. மூன்று: கருவி ஏன் இன்னும் கிடங்குக்கு வந்து சேரவில்லை?

மூன்றாவது ஆட்சேபணைக்காக இரண்டு பேர் ஜீப்பில் திருவாதவூர் போனார்கள். தோட்டத்துக்காரர் கருப்பு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாராம், "கெணத்த எடுத்துட்டுப் போகவா வந்திருக்கீக? தாராளமா எடுத்துக்கங்க. மோட்டார மட்டும் கழட்டிக்கிறேன், ஒரு அரமணி நேரம் பொறுங்க." இரண்டு பேரும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து 'கருவி அசையா நிலையில் உள்ளது' என்று அறிக்கை கொடுத்தார்கள். ஹாலாஸ்யத்துக்கு அதில் முழுத் திருப்தி.

அடுத்தது மருத்துவக் குழு. நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள், டாக்டர்கள் மூன்று பேர்: எலும்பு, கண், பல். நான்காவது நாற்காலி மனநல மருத்துவருக்கு. அந்த இடம் ஒன்பது வருஷமாகக் காலி, நாற்காலியில் ஃபைல்களை அடுக்கியிருந்தார்கள். எலும்பு டாக்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அறுபத்திரண்டு அடி ஆழக் காயமா? எத்தனை தையல் போட்டாங்க?"

"தையல் போடலங்கய்யா."

"போடாமயே ஆறிடுச்சா?"

"ஆறலங்கய்யா."

எலும்பு டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினான். கண் டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் படித்தான். பல் டாக்டர் எண்ணினார். சான்றிதழ் வந்தது: 'இரு கை, இரு கால், பார்வை சரி. மூன்று பற்கள் குறைவு. அவை பணியின்போது இழக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. மற்றபடி கிணற்றில் இறங்க முழுத் தகுதி.'

அதாவது, உதவி கேட்டுப் போனவனுக்கு அவன் கழுத்தை அறுக்கிற காகிதத்தையே முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை அணிவகுப்பில் எங்கள் கோட்ட அலுவலர் கிருஷ்ணபிரசாத் அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் பெல்ட்.

"ஒருத்தர் மனசுல காயம்னு மனு குடுத்திருக்கார். நம்ம துறையில எதெது யாருக்கு வழங்கப்பட்டிருக்குன்னு பதிவேடு இருக்கு. கோடாரி வழங்கியிருக்கோம், தலைக்கவசம் வழங்கியிருக்கோம், கயிறு வழங்கியிருக்கோம். மனசு வழங்கினதா பதிவே இல்ல. வழங்காத பொருளுக்குச் சேதம் எப்படி வரும்? இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு நாளாவது எனக்குக் கை நடுங்கியிருக்கா? தூக்கம் கெட்டிருக்கா? ஏன்? ஒரு தடவகூட நான் கிணத்தை எட்டிப் பார்த்ததில்ல. அதுதாம்ப்பா கட்டுப்பாடு!"

பதினேழு பேரும் கைதட்டினார்கள். அணிவகுப்பு உத்தரவில் கைதட்டலும் இருந்தது. அன்றைக்கு மாலையே கருத்தக்கண்ணன் கையில் பதினேழு-பி. விசாரணை இருபதாம் நாள்.

மறுநாள் அவன் மனைவி தங்கப்பொண்ணு வந்தாள். கையில் மஞ்சள் பை, பையில் அந்தக் குறிப்பாணை. நேராக ஹாலாஸ்யத்தின் மேஜைக்குப் போய் நின்றாள்.

"என்ன சார் எழுதியிருக்கீக? கோழைன்னா? இருநூறு பேர எடுத்தவரு சார் இவரு. எடுத்துட்டு வீட்டுக்கு வந்து, குளிச்சு, ஒரு வார்த்த பேசாமச் சாப்புட்டுப் படுப்பாரு. நானும் கேட்டதில்ல. இப்ப நாலு மாசமா நிக்கிறாரு. ஒங்க வண்டி வருசக்கணக்கா நிக்கிதே, அதுக்கு யாராச்சும் மெமோ குடுத்தீகளா? செல்ஃப் எடுக்காதுன்னு தெனமும் காலையில இவருதான சார் பின்னாலேருந்து தள்ளுறாரு?"

ஹாலாஸ்யம் பேனாவைக் கீழே வைத்தார்.

"தள்றாரா?"

"பதினாறு வருசமா."

"பதிவேட்டுல இருக்கா?"

"எனக்கென்ன சார் தெரியும் ஒங்க பதிவேடு!"

எனக்குத் தெரியும். வண்டிப் பதிவேட்டைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு நாளும் அதே வரி: 'வண்டி தள்ளிக் கிளப்பப்பட்டது. தள்ளியவர்: கருத்தக்கண்ணன்.' ஹாலாஸ்யம் எழுந்தார். முப்பது வருஷமாக யாரும் திறக்காத ஒன்பதாவது அலமாரியைத் திறந்தார். தூசி பறந்தது, இரண்டு கரப்பான்பூச்சி ஓடின. உள்ளேயிருந்து வெள்ளைக்காரன் காலத்து நிலையக் கையேட்டை எடுத்து, தும்மிக்கொண்டே புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்பதாம் அத்தியாயம். குதிரைகள். அந்தக் காலத்துல வண்டியைக் குதிரைதானே இழுத்துது? கேளும் பத்ரி, தமிழ்ல சொல்றேன். 'தீ, நீர், ஓசை, பிணம் இவற்றைக் கண்டு மிரண்டு நின்ற குதிரையை அடிக்கக் கூடாது. அதட்டக் கூடாது. ஆறு மாதம் புல்வெளியில் விட்டு இளைப்பாற்ற வேண்டும். தீனியைக் குறைக்கக் கூடாது. பிறகு லேசான வேலை தர வேண்டும். மிரளும்போது கழுத்தில் தட்டிக்கொடுக்கலாம்.' இது இன்னிவரை ரத்தாகலை."

"சார், அது குதிரைக்கு."

"முதல் பக்கத்துல விளக்கம் போட்டிருக்கான். 'குதிரை எனில், நிலைய வண்டியை இழுக்கவோ தள்ளவோ பயன்படும் எந்தப் பிராணியும்.' பிராணின்னா என்ன? பிராணன் இருக்கறது. இந்தம்மா ஆத்துக்காரருக்குப் பிராணன் இருக்கோல்லியோ?"

தங்கப்பொண்ணு என்னைப் பார்த்தாள். "இவரு என்ன சார் சொல்றாரு?"

"ஒங்க வீட்டுக்காரரக் குதிரைன்னு எழுதினா வேலை தப்பிக்கும்ங்கிறாரு."

அவள் பையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப எழுதுங்க. இன்னும் எதுக்குப் பாத்துட்டிருக்கீக?"

குதிரைக்குச் சான்றிதழ் தருகிற அதிகாரம் கால்நடை மருத்துவருக்குத்தான். கருத்தக்கண்ணன், தங்கப்பொண்ணு, நான், மூன்று பேரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு எருமை, ஒரு சண்டைச் சேவல். டாக்டர் ஸ்யாமளா எங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நான் வாசலை ஒட்டியே நின்றேன். அவர் படிவத்தை எடுத்தார். நிறம்: கருப்பு. பற்கள்: இருபத்தொன்பது. அடுத்தது, சுழி.

"தலையக் குனிங்க." முடியை விலக்கிப் பார்த்தார். "ரெண்டு சுழி."

"ரெட்டைச் சுழியா?" தங்கப்பொண்ணு பின்னாலிருந்து பாய்ந்தாள். "ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டிம்பாகளே! கல்யாணத்தப்ப எங்க வீட்ல ஒருத்தரும் பாக்காமப் போனாகளே!"

"ஒன்னையே சமாளிக்க முடியல, இதுல இன்னொன்னா?" என்றான் கருத்தக்கண்ணன். நாலு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து, அடுத்த மாட்டைக் கூப்பிடுவதற்காக வாசலில் இருந்த பணியாள் கைமணியை அடித்தான். கருத்தக்கண்ணன் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் ரத்தம் இல்லை. கை இரண்டும் எதையோ பிடித்த மாதிரி முன்னால் நீண்டிருந்தன. டாக்டர், வெளியே இருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவனை மெல்லத் தரையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் சேலையோடு தரையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு நீங்க கேக்கலையா மேடம்?"

"மெரண்ட மாட்டுகிட்ட ஏன் மெரண்டேன்னு நான் கேக்கிறதில்ல சார். எது பக்கத்துல கொண்டுபோகக் கூடாதுன்னு மட்டும் பாப்பேன்."

கேட்காததால்தானோ என்னவோ, அவனே சொன்னான். "சேலையால மூணு பேரையும் சேத்து இடுப்புல முடிஞ்சிருந்துச்சு. முடிச்ச அவுத்தா ஒவ்வொரு ஆளா மேல அனுப்பலாம். தண்ணிக்குள்ள அவுக்க முடியல. சின்னது எங்கையப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. உசுரு இருக்குன்னு நெனச்சு அவசரமா இழுத்தேன். இல்ல. தண்ணி அசைஞ்சதுல கை அசைஞ்சிருக்கு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "இன்னும் ஒரு நிமிசம் முன்னாடி அவுத்திருந்தா...ன்னு தோணுது. மணியடிச்சா அந்த முடிச்சு வந்திருது."

நான் அவனை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதியவன். இதை நான் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் எழுதிய சான்றிதழ்: 'உடல் நலம். மிரட்சி உண்மை. ஆறு மாத ஓய்வு கட்டாயம். கிணற்றருகே கொண்டுபோகக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது.' அரசாங்க முத்திரையோடு, மூன்று பிரதி.

கோட்ட அலுவலர் கிருஷ்ணபிரசாத்துக்கு வியர்த்துவிட்டது. "ஆளைப் போய்க் குதிரைன்னு எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?"

"மனுஷன்னா விதி இல்லை சார். குதிரைன்னா விதி இருக்கு," என்றார் ஹாலாஸ்யம். "விதி இருக்கற பக்கம்தானே நாம கையெழுத்துப் போடுவோம்? போடலேன்னா மிருகவதைச் சட்டம் இருக்கு. மூணு பிரதில ஒண்ணு மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் அனுப்பியாச்சு."

கிருஷ்ணபிரசாத் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். குதிரைக்குக் குற்றக் குறிப்பாணை தர வழியில்லை என்பதால் பதினேழு-பி தானாகவே விழுந்தது. கருத்தக்கண்ணன் நாலு வருஷமாகப் பூட்ஸ் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான், கிடங்கிலிருந்து பதில் இல்லை. இப்போது லாடம் என்ற தலைப்பில் எழுதினோம், மூன்றே நாளில் வந்தது. குதிரைக்கு நாலு கால் என்பதால் இரண்டு ஜோடி.

விதிப்படி அவன் புல்வெளியில் இருக்கிறானா என்று மாதாமாதம் முதல் தேதி அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். மாமனார் ஊர்க் கண்மாய்க் கரையில் அவருடைய ஆடுகளோடு அவன் உட்கார்ந்திருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தான். கிருஷ்ணபிரசாத் பதறிப்போனார். "நிக்காத, நிக்காத, மேய். அதாவது, உக்காரு. ஓய்வெடு." குரல் உயர்த்தக் கூடாது என்பதால் இதையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு ஊழியரிடம் மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று டிரைவர் சோணை சொன்னார்.

ஆறாவது மாதம் கருத்தக்கண்ணன் வீட்டுக் கிணற்றின் பலகையை எடுக்கச் சம்மதித்தான். எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் தங்கப்பொண்ணு இறைத்த தண்ணீரைக் குடித்தான். டெலிபோன் அறைக்கு வந்து சேர்ந்தான். அலறிக்கொண்டு பேசுகிறவர்களிடம் நிதானமாகக் கேட்பான், படி இருக்கா, எம்புட்டு ஆழம், பக்கத்துல கயிறு கிடக்கா என்று. போனிலேயே இரண்டு பேரைக் காப்பாற்றினான். மணி அடித்தால் இன்னமும் நிற்பான். ஒருத்தரும் அதட்டக் கூடாது. வண்டிக்கு ஓடுகிற சோணை, போகிற போக்கில் விதிப்படி அவன் கழுத்தில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடுவார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை நான் அலுவலகம் வந்தபோது மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் சோணை. ஐம்பத்து மூன்று வயது, முரட்டு மீசை, யாரையும் நக்கலடித்து அழவைப்பவர்.

"என்ன சோணையண்ணே, சம்பளத்துல ஏதும் பிரச்சனையா?"

"இல்ல பத்ரி." மீசையைத் தடவினார். "அந்தக் குதிரைப் படிவம் ஒண்ணு குடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வண்டி ஓட்டுறப்பல்லாம் பின் சீட்டுல யாரோ உக்காந்து இருமுறாக. பதினொரு வருசமா. அந்தப் பட்டாசுக் கொட்டகை எரிஞ்சதுல இருந்து. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. இம்புட்டு நாளும் யார்ட்டச் சொல்ல?"

அவருக்குப் பின்னால் ஒருத்தன், கறி வாசனை வந்தால் வாந்தி எடுக்கிறவன். அவனுக்குப் பின்னால் ஒருத்தன், மகளைத் தூக்கவே பயப்படுகிறவன். சீட்டாட்டமும் கேலியுமாக நான் தினமும் பார்த்த அதே ஆட்கள். பதினேழு பேரில் பதினான்கு பேர். அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் எழுதிக்கொண்டே இருந்தேன். திட்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

தலைமையகம் கலங்கிப்போனது. பதினேழு ஆட்கள் உள்ள நிலையத்தில் பதினைந்து குதிரைகள் என்று சட்டசபையில் கேள்வி வந்தால் என்ன சொல்வது? பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. எங்கள் துறை வரலாற்றில் ஒரு காகிதம் பத்து நாளில் வந்தது அது ஒன்றுதான். எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்து, ஹாலாஸ்யத்தையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கிருஷ்ணபிரசாத் வாசித்தார்.

"அத்தியாயம் ஒன்பது இன்று முதல் ரத்து! இனிமே இந்த நிலையத்துல எல்லாரும் மனுஷங்கதான். நிலுவையில உள்ள பதினாலு மனுவும் தள்ளுபடி. மனுஷனுக்கு உள்ள எல்லா உரிமையும் உங்களுக்கு உண்டு."

"என்னென்ன உரிமைங்கய்யா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மணியடிச்சா வண்டியில ஏறலாம்." பக்கத்தைத் திருப்பினார். "ஏற்கனவே குதிரையா இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் சலுகை. விருப்பப்பட்டா மனுஷனா மாறலாம். கருத்தக்கண்ணன், முன்னால வா. உனக்கு முதுநிலைப் பட்டியல்ல பேர் வந்திருக்கு. மனுஷனா மாறினா பதவி உயர்வு, தோள்ல பட்டை. குதிரைக்குப் பதவி உயர்வு கிடையாது. ரிட்டயர் ஆகிறவரைக்கும் குதிரைதான். நல்லா யோசிச்சுச் சொல்லு."

கருத்தக்கண்ணன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மனுசனா இருந்தா கெணத்துல எறங்கணுமாய்யா?"

"கண்டிப்பா."

"முடியலன்னா அதட்டுவீகளா?"

"அதட்டாம? கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல!"

"குதிரைன்னா?"

கிருஷ்ணபிரசாத் சுற்றறிக்கையைப் பார்த்தார், ஹாலாஸ்யத்தைப் பார்த்தார். குரல் தானாகவே இறங்கியது. "குதிரையைக் கிணத்துல இறக்கக் கூடாது. அதட்டவும் கூடாது."

"அப்பக் குதிரையாவே இருந்துக்கிறேங்கய்யா."

கையெழுத்துப் போட்டான். எழுத்து நடுங்கவில்லை, கவனித்துப் பார்த்தேன். முற்றத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மனுஷர்கள் பதினான்கு பேரும் அவனை அப்படியொரு பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கலைந்து போகச் சொல்லியும் சோணை மட்டும் நகரவில்லை. மெதுவாக ஹாலாஸ்யத்தின் பக்கத்தில் வந்தார்.

"சார், அந்தப் பழைய புத்தகத்துல கழுதைக்கு ஏதாச்சும் போட்டிருக்கானான்னு கொஞ்சம் பாக்குறீகளா?"

ஹாலாஸ்யம் மாடியேறிப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்பதாவது அலமாரியைத் திறந்து, பத்தாம் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார்.